மூன்று பேர் கை பட்ட கத்தி

அந்தக் கத்தி முதன்முதலாக என் மேசைக்கு வந்தபோது கத்தி மாதிரியே இல்லை. கறுத்துப்போன ஒரு தகடு. வாய் மழுங்கல், முதுகெல்லாம் உலைச் சூட்டில் படிந்த கறுப்புச் செதிள், பின்னால் கைப்பிடிக்குள் போவதற்கு எலி வால் மாதிரி நீண்ட ஒரு காம்பு. டமாஸ்கஸ் எஃகு என்றாலே எல்லாரும் சொல்லும் அந்த அலை அலையான ரேகை எங்கே என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கோடுகூடத் தெரியவில்லை. "எல்லாம் உள்ள தூங்குது தம்பி. அமிலத்துல முக்கினாத்தான் எந்திரிக்கும்" என்றார் கொல்லர் அண்ணன்.

நான் மரவேலைக்காரன். கத்திகளுக்குக் கைப்பிடியும் உறையும் செய்கிறேன். இந்தக் கத்தியைக் கேட்டவர் ஒரு சமையல்காரர், ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் வெட்டுபலகை முன்னால் நிற்கிறவர். 210 மி.மீ. அலகு, நாள் முழுக்கப் பிடித்தாலும் மணிக்கட்டு வலிக்கக் கூடாது, பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும், இவ்வளவுதான் அவர் சொன்னது. அலகை அடித்து, சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்கிப் பதம் போடுவது அண்ணன் வேலை. தேய்த்து மெலிதாக்கிக் கூர் வைப்பது சாணை பிடிக்கும் ஒரு பெண்ணின் வேலை, எனக்குத் தங்கை வயது. கைப்பிடி என் பொறுப்பு. தனித்தனியாக மூன்று பேருக்கும் வருடக்கணக்கில் அனுபவம் உண்டு. சேர்ந்து செய்தது அதுதான் முதல் தடவை. இரண்டு மாதத்தில் தருகிறோம் என்று சொல்லிவிட்டு ஏழு மாதம் எடுத்துக்கொண்டோம். கூடுதலாகப் போன ஐந்து மாதமும் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் இடங்களில்தான் போயிற்று. அவரவர் வேலையில் அவரவர் கெட்டிக்காரர்கள்தான். நடுவில் இருந்த சந்துகளை யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் எடுத்தது இரண்டு வகை உருக்கு. ஒன்று 1095, சுமார் 0.95 சதவீதம் கார்பன் உள்ளது. இன்னொன்று 15என்20, அதில் கார்பன் கொஞ்சம் குறைவு, நிக்கல் சுமார் 2 சதவீதம். முதல் வகையில் 7 தகடு, இரண்டாவதில் 6, மாற்றி மாற்றி அடுக்கி, ஓரத்தில் வெல்டு வைத்துக் கட்டி உலையில் விட்டார். சூடேறியதும் மேலே வெண்காரம் தூவினார். அது கண்ணாடி மாதிரி உருகி இடுக்குகளில் இறங்கி, காற்று உள்ளே புகாமல் தடுக்கும், உள்ளே இருக்கும் செதிளையும் கரைத்து வெளியே தள்ளும். கட்டு முழுக்க ஒரே மஞ்சள் நிறம் வந்ததும் அடி. முதல் அடிகள் பலமாக இருக்கக் கூடாது, ஒட்டவைக்கத்தான் என்றார். ஒட்டிய பிறகுதான் நீட்டுகிற அடி.

நீட்டியதை நான்காக வெட்டி மறுபடி அடுக்கினார். 13 அடுக்கு 52 ஆகிவிட்டது என்று நான் கணக்குப் போட்டேன். "ஆகாது" என்றார். மேல் தகடும் கீழ்த் தகடும் ஒரே வகை உருக்கு என்பதால், கட்டுகள் சேரும் மூன்று இடத்திலும் இரண்டு தகடு கலந்து ஒன்றாகிவிடும், ஆக 49. அதையும் நான்காக வெட்டி அடுக்கினால் 196இல் மூன்று போக 193. "எல்லாரும் 208னுதான் சொல்லுவாங்க. யாராவது கேட்டா நீ 193னே சொல்லு." அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். கடினமான அடுக்கும் மெதுவான அடுக்கும் மாறி மாறி வருவதால் டமாஸ்கஸ் கத்தி ரம்பம் மாதிரி வெட்டும் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அடுக்குகள் இவ்வளவு மெலிதாகும்போது, அந்தச் சூட்டில் கார்பன் ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்கு ஊறிப் போய்க் கிட்டத்தட்டச் சமமாகிவிடுமாம். நிக்கல் அப்படி எளிதில் நகராது, அதனால்தான் ரேகை அழியாமல் நிற்கிறது. ஆக ரேகை கண்ணுக்கு; வெட்டுவது பதமும் மெலிவும். அடுக்கு எண்ணிக்கையைப் பார்த்துக் கத்தி வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்ட சமையல்காரருக்குக் கொஞ்சம் முகம் வாடிவிட்டது. "அப்போ இது உண்மையான டமாஸ்கஸ் இல்லையா?" என்றார். நியாயமான கேள்வி. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கு அடுக்கே கிடையாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை என்ற மண் குப்பியில் வைத்து உருக்கிய, 1.5 சதவீதத்தை ஒட்டிக் கார்பன் உள்ள வூட்ஸ் உருக்குக் கட்டிகளிலிருந்து அடித்தவை அவை. வூட்ஸ் என்ற பெயரே நம் 'உருக்கு' என்ற சொல்லிலிருந்தோ கன்னட 'உக்கு'விலிருந்தோ வந்தது என்பார்கள். உருக்கிலேயே இருக்கும் கார்பைடு துகள்கள், அதாவது இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினமான துணுக்குகள், வரிசை கட்டி நிற்பதுதான் அதன் ரேகை. வனேடியம் மாதிரி ஏதோ ஓர் உலோகம் துளி அளவு கலந்திருந்தால்தான் அந்த வரிசை அமையும் என்பதை ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரும் ஆல்ஃபிரெட் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து வேலை செய்து காட்டினார்கள். அதுவும் ஒரு கூட்டு வேலைதான். இன்று டமாஸ்கஸ் என்று விற்பது பெரும்பாலும் அடுக்கி ஒட்டிய உருக்கு. அதற்கும் நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்கக் கொல்லர் பில் மோரன் 1973இல் தன் கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகு மறுபடி பரவியது. பெயர் தவறுதான், ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டால் ஏமாற்று இல்லை. ஏமாற்று என்பது சாதாரண எஃகின் மேல் லேசரால் கோடு போட்டு விற்பது. அதைக் கண்டுபிடிக்க முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்காக இருந்தால் அலகின் பக்க முகத்தில் ஓடும் கோடு முதுகிலும் தொடரும். அச்சடித்த கோடு ஓரத்தோடு நின்றுவிடும்.

சரி, முதல் அடி எங்கே விழுந்தது என்று சொல்கிறேன்.

பதம் போட்ட அலகு சாணைக்குப் போனது. ஆறு மணி நேரம் தேய்த்த பிறகு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, ஒரு கீறல் போகவே மாட்டேங்குது. வந்து பாருங்க." வாயிலிருந்து ஒரு விரல்கடை மேலே, தலைமுடியை விட மெலிதான ஒரு கோடு. கீறல் என்றால் தேய்க்கத் தேய்க்கக் குறைய வேண்டும். இது தேய்த்தால் இடம் மாறியது. அவர் அலகில் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் வைத்து, சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினார். இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைப் பொடியில் மெல்ல ஓர் ஈரக் கோடு எழுந்தது, ஏறக்குறைய நகத்தின் நீளத்துக்கு. உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே வருகிறது. அங்கே இரண்டு தகடும் ஒட்டவே இல்லை.

அண்ணன் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அலகைத் துணியில் சுற்றி வைஸில் மாட்டி ஒரே அடி. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் பட்டு மாதிரி இருந்தது. "பதம் நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார் மெதுவாக. அந்தப் பட்டின் ஓரத்தில் அரிசியளவு ஒரு கறுப்பு. ஒரு தகட்டைச் சரியாகத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் அடுக்கியிருக்கிறார், செதிள் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

தவறு அண்ணனுடையது, வீணான ஆறு மணி நேரம் அந்தப் பெண்ணுடையது. அதற்கு யார் பதில் சொல்வது? ஆரம்பிக்கும்போது லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று பேசியிருந்தோம், நட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கடைசியில் அண்ணன்தான் இறங்கி வந்து, தன் பங்கிலிருந்து அந்த ஆறு மணி நேரத்துக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: பொருளைக் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒன்றாக நின்று மண்ணெண்ணெய்ச் சோதனை பார்த்துவிட்டுத்தான் கை மாற்றுவது. வாங்கிய பிறகு தெரியும் குறை வாங்கியவர் கணக்கு. கேட்க முரட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் அதற்கப்புறம் எங்களுக்குள் மனக்கசப்பு வரவில்லை.

ஜப்பானில் சக்காய் என்ற ஊரில் அடிப்பவர், கூர் வைப்பவர், பிடி போடுபவர் என்று தனித்தனித் தொழிலாகவே தலைமுறைகளாகச் செய்கிறார்கள். ஜெர்மனியின் சோலிங்கனிலும் இப்படித்தான் வேலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். அங்கே யார் எவ்வளவு கனம் விட்டுக் கொடுக்க வேண்டும், காம்பு எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்கு அந்த வழக்கு இல்லை. அதனால் காகிதத்தில் எழுதினோம். கத்தியின் முழு அளவுப் படம் ஒன்று வரைந்து, முதுகின் கனம் குதிகாலில் (பிடியை ஒட்டிய அலகின் அடிப்பகுதியில்) 2.8 மி.மீ., நுனிக்கு 20 மி.மீ. முன்னால் 1 மி.மீ., கூருக்குச் சற்று மேலே 0.25 மி.மீ., பதம் போடும் முன் வாயில் விட வேண்டிய கனம் 0.8 மி.மீ. என்று குறித்தோம். அலகு போகிற இடமெல்லாம் அந்தக் காகிதமும் போகும். இரண்டாவது அலகு பிழைத்ததற்குக் காரணம் அந்தக் காகிதம்தான்.

இரண்டாவது அலகைச் சூடாக எண்ணெயில் முக்கித் தோய்ச்சல் ஆனதும் இடப்பக்கமாகச் சுமார் 2 மி.மீ. வளைந்துவிட்டது. நான் பதறிப்போனேன், அண்ணன் பதறவில்லை. தோய்த்தவுடன் உருக்கு கண்ணாடி மாதிரி நொறுங்கும், அப்போது தட்டி நிமிர்த்தக் கூடாது. முதலில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து விறைப்பைக் குறைத்தார். அப்புறம் ஒரு நேரான இரும்புப் பட்டையோடு சேர்த்து, நடுவில் சின்னத் துண்டு கொடுத்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து இறுக்கி, மறுபடி அதே சூட்டில் இரண்டு மணி நேரம். எடுத்தபோது நேராக இருந்தது.

சாணையில் நடந்ததைப் பார்த்தால் எனக்கு இன்றும் பயம். அந்தப் பெண் கையுறை போடுவதில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் அலகை வாளித் தண்ணீரில் முக்குவார். ஏன் இவ்வளவு அவஸ்தை என்று கேட்டேன். மெலிந்த வாய் ஒரு நொடியில் சூடேறிவிடும், 200 டிகிரியைத் தாண்டினால் அண்ணன் போட்ட பதம் அந்த இடத்தில் இறங்கிவிடும், நீலம் பூத்துவிட்டால் அந்தப் பகுதியே வீண் என்றார். "என் விரல் தாங்கினா கத்தியும் தாங்கும்ணா. கையுறை போட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

இனி என் தவறுகள். மூன்று இருக்கின்றன.

காம்பும் அலகும் சேரும் கழுத்தில் அண்ணன் ஒரு சின்ன வளைவு விட்டிருந்தார். பிடியின் முன்முனையில் வைக்கும் என் பூணின் துளை சதுரம், அதனால் அலகு கடைசி ஒரு மி.மீ. உட்காரவில்லை. அரத்தை எடுத்து அந்த வளைவைச் சதுரமாக்கப் போனேன். நல்லவேளை, ஒரு வார்த்தை கேட்போமே என்று கூப்பிட்டேன். மறுமுனையில் ஒரே சத்தம். உள்மூலை கூர்மையாக இருந்தால் வெடிப்பு அங்கேதான் தொடங்குமாம்; அந்த வளைவு தெரிந்தே விட்டது. அரம் படவேண்டியது என் பூணில்.

இரண்டாவது, என் ஆசை. கருங்காலியில் பிடி, பித்தளையில் பூண். பார்த்தால் கண் எடுக்க முடியாது. பிடி மட்டும் 110 கிராம். அலகு 125. ஒட்டிக் காய்ந்த பிறகு சமையல்காரர் கையில் கொடுத்தோம். அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் குதிகாலைக் கிள்ளுகிற மாதிரி பிடிப்பவர். ஒரு நிமிடம் பலகையில் ஆட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா நுனி மேல மேல எழும்புது" என்றார். விரல் மேல் வைத்துப் பார்த்தோம். கத்தி சமநிலையாக நின்ற இடம் குதிகாலுக்கு 3 மி.மீ. பின்னால், பிடியின் பக்கம். இரண்டு மணி நேரம் கழித்து அந்த மனிதரின் மணிக்கட்டு என்னைத்தான் திட்டும்.

பிடியைக் கழற்றியாக வேண்டும். சாதாரண எபாக்ஸி பசை கொதிநீர்ச் சூட்டை ஒட்டியே இளகிவிடும், பதம் இறங்க அதைவிட அதிகச் சூடு வேண்டும். அந்த இடைவெளிதான் நம் பிழைப்பு. அலகை ஈரத்துணியில் சுற்றி, பூணில் மட்டும் சூடான காற்றடித்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி எடுத்தேன். கருங்காலி விரிந்து பிளந்தது. மறுபடி வால்நட் மரத்தில், எருமைக் கொம்புப் பூண் வைத்துச் செய்தது 56 கிராம். இப்போது சமநிலை குதிகாலுக்கு 18 மி.மீ. முன்னால், சரியாக அவர் விரல் கிள்ளும் இடத்தில். கூட்டு வேலையில் பிடி செய்கிறவர் செய்ய வேண்டியது இதுதான்: முதலில் அலகை எடை போடுங்கள், ஒரு மலிவு மரத்துண்டைத் துளைத்து ஒட்டாமல் மாட்டி, வெட்டுகிறவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அழகான மரத்தை அதற்கப்புறம் தேடலாம்.

மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரேகையை எழுப்பும் நாளில் மூன்று பேரும் கூடியிருந்தோம். அண்ணன் சொன்ன அந்த அமிலம் ஃபெரிக் குளோரைடு; அது ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. அலகைச் சோப்புப் போட்டுக் கழுவி, அசிட்டோனால் துடைத்துத் தயாராக வைத்திருந்தார் அந்தப் பெண். நான் ஆர்வத்தில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். எட்டு நிமிடம் கழித்து வெளியே எடுத்தால், 15என்20 அடுக்குகள் வெள்ளியாகவும் 1095 கறுப்பாகவும் எழுந்து நிற்க, நடுவில் என் கட்டைவிரல் ரேகை தெள்ளத்தெளிவாகப் பதிந்திருந்தது. அண்ணன் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. முழு முகத்தையும் மறுபடி உப்புத்தாளால் தேய்க்க அரை நாள் ஆயிற்று அவருக்கு. அப்புறம் நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் 2000 நம்பர் தாளால் லேசாக ஒரு தடவல், கடைசியில் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தை அடக்கி, அடர்த்தியான இன்ஸ்டன்ட் காபியில் சில மணி நேரம் ஊறப்போட்டார். கறுப்பு மை மாதிரி ஏறியது. பித்தளைப் பூண் போனது ஒரு வகையில் நல்லதுதான். ஃபெரிக் குளோரைடு பித்தளையை அரிக்கும், அதிலிருந்து கரையும் செம்பு எஃகின் மேல் படிந்துவிடும். எப்போதாவது ரேகையைப் புதுப்பிக்க வேண்டி வந்தால் அந்தப் பூண் பெரிய தலைவலியாகியிருக்கும்.

முடிந்த கத்தியைச் சமையல்காரர் முதலில் சோதித்தது ஒரு தடித்த கேரட்டில். கனமான கத்தியில் கேரட் பாதியில் 'டக்'கென்று பிளக்கும், நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் சத்தமே இல்லை. பலகையில் வாய் தொடும் ஓசை மட்டும். அண்ணன் ரேகையைப் பார்க்கவில்லை, அந்தச் சத்தமில்லாததைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

கொடுக்கும்போது சொன்னதெல்லாம் சாதாரண விஷயங்கள். இது துருப்பிடிக்கும் உருக்கு. எலுமிச்சை, தக்காளி, வெங்காயம் எது வெட்டினாலும் வேலை நடுவிலேயே துடையுங்கள். முதல் சில நாட்கள் நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும், அது நல்லதே. செம்மஞ்சள் நிறம் வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே போடாதீர்கள். எடுத்து வைக்கும்போது மினரல் ஆயில் ஒரு துளி தடவுங்கள், சமையல் எண்ணெய் பிசுக்குப் பிடித்து நாறிவிடும். இவ்வளவும் சொல்லியும் மூன்றாவது மாதம் அவருடைய உதவியாளர் ஒருநாள் இரவு கத்தியை ஈரத்துணி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். காலையில் மிளகு தூவின மாதிரி துருப்புள்ளிகள். சமையல் சோடாவைக் குழைத்து, கார்க்கால் தேய்த்தே எடுத்துவிட்டார். புள்ளி இருந்த இடத்தில் ரேகை கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் கத்தி திரும்ப வந்தது, ஒன்றரை வருட உழைப்புக்குப் பிறகு. கல்லில் தீட்டித் தீட்டி வாய் மேலே ஏறியிருந்தது. கூருக்கு மேலே கனம் 0.25இலிருந்து 0.4 ஆகிவிட்டது, கேரட் மறுபடி 'டக்' என்கிறதாம். இரு பக்கமும் தேய்த்து மெலிதாக்க வேண்டும். மெலிதாக்கினால் கீழ்ப்பாதியில் ரேகை போய்விடும், மறுபடி அமிலத்தில் எழுப்ப வேண்டும். சாணைக்கு அனுப்பும் முன் அந்தப் பழைய காகிதத்தைத் தேடி எடுத்தேன். எண்ணெய்க் கறை, ஓரமெல்லாம் கிழிசல். அலகோடு சேர்த்துச் சுற்றி அனுப்பினேன். மறுநாள் அந்தப் பெண்ணிடமிருந்து காகிதத்தின் படம் வந்தது. 0.4 என்று அன்றைய தேதியோடு குறித்து, அதற்குக் கீழே பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "துடைத்த பிறகு அண்ணா தொடக் கூடாது."